அல்ஹாஜுக்கு விட்ட இடம்

தன் பெயர் தொங்கும் ஒரு வாசல் வேண்டும் என்று அத்தாஉல்லா உறுதி பூண்டபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்று மூன்று மாதம்.

கற்பிட்டியில் அவர் குடியிருக்கும் வீடு, ஊர் வழக்கப்படி, மனைவி மர்ளியாவின் சீதனம். மாமனார் கட்டி மகளுக்கு எழுதி வைத்தார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வருடமாகத் தபால்காரருக்கு அது 'மர்ளியா வீடு'. மீன்காரருக்கு இவர் 'மர்ளியாட மாப்புள'. ஒரு கலண்டர் மாட்டலாம் என்று சுத்தியலைத் தொட்டாலே உள்ளேயிருந்து குரல் வரும்.

"அது எங்கட வாப்பா கட்டின செவரு. ஆணி அடிக்க வாணாம்."

இருபத்தெட்டு கலண்டர்களும் கதிரையில் சாய்ந்தபடியே வருடத்தை முடித்துக்கொண்டன.

இந்த நிலையில்தான் மகள் றுஷ்னாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. பிள்ளையைத் தனியே விட மனமில்லை. மூன்று பேருமாக அங்கே வாடகைக்குப் போவது என்று முடிவானது.

"புதுசாக் கட்டின ஃப்ளாட்டாப் பாருங்க. இன்னொருத்தி ஆண்ட குசினி எனக்குச் சரிவராது," என்றாள் மர்ளியா. "நான் வரல்ல. எனக்கு முழங்கால் ஏலாது. நீங்களே பாத்து முடிங்க."

"நானேவா?"

"ஓம். ஆம்புளதானே பாக்கணும்."

அத்தாஉல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே புத்தளம் டவுனுக்குப் போய்ப் பித்தளையில் தன் பெயரை வெட்டக் கொடுத்தார்.

"நடுவுல போடவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வாணாம். கடைசிக்குத் தள்ளிப் போடுங்க. முன்னால இடம் இருக்கட்டும். ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த பொறகு 'அல்ஹாஜ்' எண்டு போடணும்."

ஹஜ்ஜுக்கு அவர் இன்னும் பெயர்கூடப் பதியவில்லை. வீடும் கிடைக்கவில்லை. பலகை மட்டும் தயார். அதைப் பேப்பரில் சுற்றி அலுமாரியில் தான் உடுத்தும் சாரங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அலுமாரியும் சீதனத்தோடு வந்ததுதான் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை.

பிறகு தொடங்கியது அலைச்சல். விடியற்காலை பஸ்ஸில் ஏறினால் கொழும்பில் இறங்கும்போது இடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அங்கே கிளைட்டன் காத்திருப்பான். சிலாபத்துக்காரன், வீட்டுப் புரோக்கர். அவன் காட்டிய கட்டிடங்களில் எல்லாமே புதிது. லிஃப்ட் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"அடுத்த மாசம் வந்துடும், அங்கிள்," என்பான் ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும்.

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி. மூச்சு இரைக்க மனைவிக்கு ஃபோன் எடுத்தார்.

"அருமையான வூடு, புள்ள. வாசக்கதவு தேக்கு."

"குசினி எப்பிடி?"

"கதவுக்குப் பக்கத்துச் செவரு நல்ல அகலம்."

"செவத்துலயா சோறாக்குற? குசினியப் படம் எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். அடுத்த நாள் கிளைட்டன் சோகமாகச் சொன்னான். "அது போயிட்டு, அங்கிள். வேற ஆக்கள் எடுத்துட்டாங்க."

இப்படியே ஆறு வீடு. ஆறும் அவருக்குப் பிடித்தது, ஆறுக்கும் படம் போனது, ஆறையும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். கொழும்பில் தன்னைவிட ஒருநாள் முந்திப் பிறந்த ஒருவன் திரிகிறான் என்றே அவர் நம்பினார். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அந்த வாசல் ஆசை மட்டும் இல்லாவிட்டால் பாதிப் படியிலேயே படுத்திருப்பார்.

ஏழாவது தெஹிவளையில், நாலாம் மாடி. குசினி ஜன்னலில் கடல் தெரிந்தது. படம் போன மறுநாள் மர்ளியாவே வாய் திறந்தாள். "அல்ஹம்துலில்லாஹ். இத முடிப்போம்."

ஒப்பந்தம் எழுதும் நாளில் அவளும் வந்தாள். ஏலாத முழங்கால் நாலு மாடியையும் நில்லாமல் ஏறியது. பலகையும் சுத்தியலும் ஆணியும் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு அத்தாஉல்லா பின்னால் தவழாத குறையாக வந்தார்.

வீட்டுக்காரி நபீலா கதவைத் திறந்து மர்ளியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஃபோன்ல கதைச்ச மாதிரியே இருக்கீங்க."

அத்தாஉல்லா கிளைட்டனைப் பார்த்தார். கிளைட்டன் கூரையைப் பார்த்தான்.

"நான் என்ன செய்ய, அங்கிள்? நீங்க எதப் பாத்தாலும் நல்லம் எண்டுவீங்க. ஆன்ட்டி படத்தப் பாத்துட்டு வேணாம் எண்டுவாங்க. உங்கட மனசு நோகக் கூடாதெண்டு அப்பிடிச் சொல்லச் சொன்னாங்க."

ஆறு வீட்டையும் யாரும் எடுக்கவில்லை. அத்தாஉல்லாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. புது வீட்டில் கதிரை இல்லை.

நபீலா தாளை நீட்டினாள். "இது என்ட சீதன வூடு. அதால பொம்புளப் பேருலதான் குடுக்குற." குடியிருப்பவர் என்ற இடத்தில் மர்ளியாவின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மர்ளியா கையெழுத்து வைத்தாள். "நீங்க இதுல வைங்க," என்று கணவனுக்குக் கீழே ஒரு கோட்டைக் காட்டினாள். சாட்சி என்று இருந்தது. வைத்தார்.

போகட்டும். ஒப்பந்தத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? வாசலைத்தான் ஊர் பார்க்கும். நபீலாவிடம் ஆணி அடிக்க அனுமதி கேட்டார். "தாராளமா அடிங்க," என்றாள். வெளியே போய்ப் பேப்பரைப் பிரித்தார்.

பித்தளை பளபளத்தது. கடைசியில் 'அத்தாஉல்லா'. அல்ஹாஜுக்கு விட்ட இடத்தில், அதே கடைக்காரரின் அதே எழுத்தில், 'மர்ளியா'.

"இடம் சும்மாதானே கெடந்திச்சு," என்றாள் பின்னால் வந்து நின்ற மர்ளியா.

"அப்ப அல்ஹாஜ எங்க போடுற?"

"மொதல்ல போய்ட்டு வாங்க."

அத்தாஉல்லா சுத்தியலை எடுத்தார். இரண்டு ஆணி வளைந்தது. மூன்றாவது இறங்கியது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சுவரில் அவர் அடித்த முதல் ஆணி. பலகையை மாட்டிவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

மர்ளியா இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ட பேருப் பக்கம் கொஞ்சம் எறங்கிக் கெடக்கு. தூக்கி விடுங்க."