நிலாவை வலம் வர வைத்தேன்

கெட்ட காரியம் செய்கிறபோது மனுஷர் நாலு பக்கமும் பார்த்துத்தான் செய்வார்கள். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு வந்துவிட்டால் எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுவோம். நான் விழுந்தது அப்படித்தான். அதுவும் கோயமுத்தூரில், ஏசி ரூமில், படித்தவர்கள் நடுவில்.

(நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.)

எங்களுக்குக் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. வீட்டில் நான், மகன் செந்தில், மருமகள் பிரபா. பிரபா சயின்ஸ் படித்த பிள்ளை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுப்பாள். அவள் சொல்லிக் கொடுப்பதை அடுப்படியில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கே பாதி விளங்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்திபுரத்துப் பக்கம் ஓர் ஆபீஸ். பள்ளிக்கூடப் பாடங்களை வீடியோவாகச் செய்து கொடுப்பவர்கள். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பிரபா எழுதிப் போட்டாள். நிலா பூமியைச் சுற்றுவதைச் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி ஒரு படம் செய்துகொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. தினமும் கோயமுத்தூர் போய் வந்தால் வீடு என்னாவது என்று செந்தில் இழுத்தான். வூட்டை நான் பாத்துக்கறேன், அம்மணி போயிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வேலை பிரபாவுக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு எனக்கும் வேண்டும்.

படம் செய்கிற விதத்தை அவள் எனக்குச் சொன்னாள். ஒரு போட்டோ எடுக்க வேண்டும். நிலாவைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. மறுபடி நகர்த்து, மறுபடி போட்டோ. எல்லாவற்றையும் சேர்த்து வேகமாக ஓட்டினால் நிலா தானாகச் சுற்றுகிற மாதிரி தெரியுமாம். இதற்குத்தானா சினிமாக்காரர்கள் அத்தனை அலட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பழைய குடைத்துணியைத் தரையில் விரித்தோம். அது ஆகாயம். நீலப் பெயின்ட் அடித்த தேங்காய் பூமி. (எங்கள் தோப்புத் தேங்காய்தான். பூமியே எங்கள் தோப்பில் காய்த்தது என்று அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.) அரிசிமாவில் நான் பிடித்துக் கொடுத்த உருண்டை நிலா. இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பலகை வைத்து, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஃபோனைக் கவிழ்த்தாள். துணியில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டம் நெடுகப் புள்ளி வைத்தாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு, படத்தில் விழாதபடி துணிக்கு வெளியே தரையில் ஓர் அம்புக்குறியும் போட்டாள்.

அதற்குள் டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் படத்தைக் கொண்டுபோக வேண்டும். அவள் தவித்ததைப் பார்த்து, நீ போ அம்மணி, நகத்தறதும் பட்டனை அமுத்தறதும்தானே, நான் பண்றேன் என்றேன். புள்ளிக்குப் புள்ளி வைத்தால் போதும் அத்தை என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

உட்கார்ந்தேன். அம்புக்குறியைப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. அம்பு இடப்பக்கமாகச் சுற்றச் சொல்லுகிறது.

கோயிலில் சாமியை எப்படிச் சுற்றுகிறோம்? வலமாக. அரசமரத்தை? வலமாக. ஆரத்தி எடுப்பதுகூட வலமாகத்தான். எங்கள் பக்கத்தில் இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும், கொள்ளிக்குடம் தூக்கிக்கொண்டு. பாவம், பிள்ளை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். சின்னக் குழந்தைகள் பார்க்கப் போகிற படம். முதல் வேலைக்குப் போகிற படம். அதில் இழவு வீட்டுச் சுற்று சுற்ற விடலாமா? முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அம்புக்குறியைத் துடைத்தேன்.

அதோடு விட்டேனா? நடுவில் பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்த தேங்காயைப் பார்க்க மூளியாக இருந்தது. குங்குமம் வைத்தேன். ஒற்றைச் சுற்று ஆகாது என்று மூன்று சுற்றாகச் சுற்ற வைத்தேன். மூன்றும் வலம். முடித்து எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை. மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். என் நிலாவைப் பெரிய திரையில் பார்க்க வேண்டாமா? பிரபா உக்கடம் வரும் வரைக்கும் ஃபோனில் போட்டோக்களைச் சேர்த்தபடியே வந்தாள். சன்னல் வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. நிலா தடுக்காமல் நகருகிறதா என்பதை மட்டும்தான் பார்த்தாள். அது நன்றாகவே நகர்ந்தது. அத்தை, உங்க கைக்கு எவ்வளவு பொறுமை என்றாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும் என்று திருப்திப்பட்டேன்.

ஆபீஸில் பொறுப்பாக இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. மரியாதையானவர். காப்பி வரவழைத்தார். இன்னும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். சுவரில் என் பூமி வந்தது, என் நிலா வந்தது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மாவுருண்டைமேல் எறும்பு ஒன்று நடந்து போனதும் தெரிந்தது. நான் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க பிரபா, அந்தச் செவப்பு என்னங்க, எரிமலையா?"

பிரபா திரையை உற்றுப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும். நிலா எதுக்குங்க ரிவர்ஸ்ல போகுது?"

பிரபாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. எழுந்து நின்றேன். (யாரும் என்னை எழச் சொல்லவில்லை.)

"நான்தானுங்க மாத்துனேன். பிள்ளை இடஞ்சுத்திப் போட்டிருந்துச்சு. இடஞ்சுத்திச் சுத்தறது பொணத்தைத்தானுங்களே? கொழந்தைக பாக்கறதாச்சே, அதான் வலமாச் சுத்த உட்டுப்போட்டேன். குங்குமமும் நான் வெச்சதுதானுங்க."

ஒருவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிரபாவைப் பார்த்தேன். குனிந்திருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பியவள், அவள் வேலைக்குக் கொள்ளியும் நானே வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தப்பாப் போச்சுங்களா என்று கேட்டேன்.

பிரபா நிமிர்ந்தாள். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எழுந்து வந்து என் தோளைப் பிடித்துச் சன்னலைப் பார்க்க நிறுத்தினாள்.

"நீங்கதான் பூமி அத்தை. தெக்கப் பாத்து நிக்கறீங்க. மூணாம் பிறையை எந்தப் பக்கம் பாத்துக் கும்புடுவீங்க?"

"மேக்கால."

அவள் என் வலது கைப்பக்கம் வந்து நின்றுகொண்டாள். "பௌர்ணமியன்னிக்கு அதே நேரத்துக்கு நிலா எங்க இருக்கும்?"

"கெழக்கால."

என் முன்னால் மெதுவாக நடந்து இடது கைப்பக்கம் போனாள். அப்போ நாளுக்கு நாள் நிலா மேற்கிலிருந்து கிழக்கே நகருகிறதல்லவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் நிற்கவில்லை. என் முதுகுப் பக்கமாகப் போய் மறுபடி வலது கைப்பக்கமே வந்து சேர்ந்தாள். ஒரு முழுச் சுற்று. எந்தப் பக்கமாகச் சுற்றினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கண்ணு, உசுரோட நிக்கறவள இடஞ்சுத்திச் சுத்திப்போட்டயே."

ரூமே சிரித்தது. கண்ணாடிக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரபா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொறந்ததுலிருந்து நிலா உங்களை இப்படித்தான் அத்தை சுத்தீட்டிருக்குது. ஒண்ணும் ஆகலையே."

வாஸ்தவம்தான். பிறகு மேலே ஓடிய ஃபேனைக் காட்டினாள். கீழே நின்று பார்க்கிறவருக்கு ஒரு பக்கமாகச் சுற்றுவது, மேலே உட்கார்ந்து பார்த்தால் மறுபக்கமாகத் தெரியும். நிலாவும் வடக்கே மேலிருந்து பார்த்தால் இடம், தெற்கே கீழிருந்து பார்த்தால் வலம். படம் வடக்கிலிருந்து பார்க்கிற படமாம். எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சாமி எந்தப் பக்கம் நின்னு பாக்குது என்று கேட்டேன்.

"எல்லாப் பக்கமும் நின்னுதானுங்க அத்தை."

அப்படியென்றால் சரி, சுற்றட்டும் என்று உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்கார அம்மா தேங்காய்ப் படத்தை நிறுத்தச் சொன்னார். புரியாத ஆளுக்குக் கோபப்படாமல் புரிய வைக்கிறவரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடுங்கள் என்றார். பிரபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பி, பூமியும் ஒரு நாள் வர வேண்டும், இப்போது நடந்ததை அப்படியே படமெடுக்கலாம் என்றார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன். கேலியில்லை.

அந்தப் படம் இப்போது எங்கெங்கோ பள்ளிக்கூடத்தில் ஓடுகிறதாம். காலையில் பிரபா பஸ்ஸுக்குக் கிளம்பினதும் செந்தில், நிலா போயாச்சு, பூமி இன்னும் காப்பி வெக்கலையா என்கிறான். போன மாதம் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் நடுவே நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்திருந்த என் நாத்தனார், என் வயசுக்காரி, முழங்கால் வலியோடு என்னை இடப்பக்கமாக ஒரு சுற்று சுற்றி முன்னால் வந்து நின்றாள்.

"பூமி சௌக்கியமுங்களா?" என்றாள்.

"ஒரு கொறையுமில்லை. கால் வலிக்கலைன்னா இன்னொரு சுத்தும் சுத்து" என்றேன்.