எந்த மணங்கு, மாமா?

பாளையம்பட்டி
4-3-1991

அன்புள்ள மாதவன் மாமா அவர்களுக்கு, தங்கச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். கிணறு மட்டும் சுகமில்லை. நாகபுரியில் தாங்களும் அத்தையும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

வேண்டுகிறேன் என்று எழுதும்போதே பழைய வேண்டுதல் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது மாமா. எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டபோது, லீவில் வந்திருந்த நீங்கள், பிள்ளை பிழைத்தால் ஒரு மணங்கு வெல்லம் செலுத்துவதாக ஆத்தாளுக்கு நேர்ந்தீர்களாம். நான் பிழைத்து எட்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டேன்; வெல்லம் இன்னும் போகவில்லை. இருபதாம் தேதி மதுரையில் கட்டுரைப் போட்டி, எங்கள் பள்ளியிலிருந்து நான் ஒருத்திதான். நேர்த்தி முடிக்காத பிள்ளையை வெளியூர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். சரி, உங்கள் சார்பில் நாங்களே செலுத்துவோம் என்று அப்பா நம்ம கடையிலேயே வெல்லம் நிறுக்கப் போனபோதுதான் மணங்கு என்றால் எவ்வளவு என்ற கேள்வி வந்தது.

அப்பா எட்டு வீசை என்றார், அதாவது பதினொரு கிலோ சொச்சம். நூலகத்தில் பெரிய அகராதியைப் பார்த்தால், வடக்கே ரயில்வேக்காரர்களின் மணங்கு முப்பத்தேழு கிலோ. நீங்களோ ரயில்வே குட்ஸ் ஷெட்டில் இருப்பவர். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் மாமா, அதற்குக் கீழே இருந்ததைப் படித்து நானும் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சொல்லுக்கு மூலம், பல ஆயிரம் வருடம் முன்பு பாபிலோனில் வழங்கிய 'மனா' என்று கருதுகிறார்களாம். களிமண் பலகையில் கணக்கெழுதியவர்களின் சொல், அரபு நாட்டில் ஒரு வாய், வடக்கே ஒரு வாய் என்று மாறி மாறி வந்து, எம்.ரெட்டியபட்டி ஜக்கம்மாள் அக்கா நம்ம கடை வாசலில் "ஒரு மணங்கு பருத்திக்கொட்டை போடுங்க" என்னும்போது அவுக வாயில் இருக்கிறது. அவுக வெத்தலையும் போட்டிருந்தாக. நான் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில், என்ன பாப்பா, பல்லுல ஏதும் ஒட்டிருக்கான்னு கேட்டாக.

பாபிலோன் மணங்கு அரைக் கிலோதான் என்றதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாம பாபிலோன்காரகளாப் பொறந்திருந்தா ஒரு பொட்டலத்தோட முடிஞ்சிருக்கும்" என்றார். பக்கத்து வீட்டு மாயக்காள் பெரியம்மா விடவில்லை. "உசுரக் குடுத்த ஆத்தாகிட்டயே எடையில கை வைக்கிறீகளே, யாவாரிக யாவாரிகதான்" என்றாக.

ஆகவே தாங்கள் மனதில் நினைத்தது எந்த மணங்கு என்று ஒரு கார்டில் எழுதவும். மதுரை அதில்தான் இருக்கிறது. அத்தைக்கு என் வணக்கம். ஆத்தா உங்கள் இருவருக்கும் குறையில்லாமல் அளக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கச்செல்வி

பின்குறிப்பு: ஒட்டுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் அழுதுவிட்டாள். நீங்கள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நேர்ந்தது "பிள்ளை எடைக்கு எடை வெல்லம்" என்றுதானாம். ஒரு மணங்கு இருப்பாள் என்று என்னைத் தூக்கிப் பார்த்துச் சொன்னது அப்பாவாம். செலுத்துகிற அன்றைய எடைதான் கணக்கு என்று பெரியம்மா என்னைக் கடைத் தராசில் ஏற்றிவிட்டாக. சரியாக முப்பத்தேழு கிலோ. நேர்ந்தவரே வந்து செலுத்தினால்தான் ஆத்தா ஏற்பாள் என்று அப்பா இன்று கண்டுபிடித்திருக்கிறார். ஆகையால் கார்டு வேண்டாம், சீக்கிரம் வாருங்கள் மாமா. நான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறேன்.