தேக்கந்தோட்டத்தில் கற்பூரம் கொளுத்திய விபரம்

தம்பலகாமத்துக்கு அப்பால்,
பட்டாளத்துக் கூடாரம்.
20.12.1942, ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய மச்சான் குலசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புஷ்பவதியின் கணவன் தங்கரத்தினம் எழுதிக்கொள்வது. கோணேசர் கிருபையால் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நாளை காலை எட்டு மணிக்கு என்னை ஜப்பான்காரனின் ஒற்றன் என்று கொழும்புக்கு அனுப்பப் போகிறார்கள். என்னை, மச்சான்! அதற்குள் நீங்கள் வந்து, இவன் இருபது வருடமாகத் திருகோணமலையில் சுருட்டுக்கடை வைத்திருப்பவன், வேறு ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன் என்று இங்கிலீசில் சாட்சி சொல்லவேண்டும். கோட்டில் நீதவானுக்கு மொழிபெயர்க்கிறவர் நீங்கள். உங்கள் பேச்சுக்குத்தான் இந்தப் பட்டாளத்துத் துரை மசிவான்.

நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், "வாடைக் குளிருக்குள்ளை பழைய தேக்கந்தோட்டத்தைச் சுத்திப் பாருங்கோ, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வரிசை பிடிச்சு நட்டது, இப்ப காடாய்ப் போச்சுது" என்று புஷ்பவதியின் காதில் போட்டது வேறு யார்? சனி விடிய அவள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு கிண்ணியா முத்தலிப்பின் மாட்டுவண்டியில் ஏறிவிட்டாள். நான் கோட்டுக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் மப்ளர் என்று சுற்றியும் பல் கிடுகிடுத்தது. நீங்கள் சொன்ன வரிசையை நான் கடைசிவரை காணவில்லை. தேக்குக்கு நடுவே பாலையும் வீரையும் முளைத்து, எந்த மரம் நட்டது, எது தானாக வந்தது என்று பிடிபடவில்லை. யானை லத்தி மட்டும் தாராளமாகக் கிடந்தது. புஷ்பவதி பயந்து, வண்டியை நிறுத்தச் சொன்னாள். காட்டுவழி போகிறவர்கள் யானை மறிக்காமல் இருக்க ஒரு கொப்பு முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே கொப்பும் குழையுமாக ஒரு பெரிய குவியல் இருந்தது. "இவ்வளவு கொப்புப் போட்டிருக்கினம் எண்டால் சரியான சக்தியுள்ள பிள்ளையார்," என்றாள் அவள். நானும் ஓம் என்றேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

கொப்புப் போட்டோம். உள்ளே கல் மாதிரி ஏதோ தட்டுப்பட, அதில் தேங்காயை அடித்தேன். டங் என்று கேட்டது. காட்டுக்குள்ளும் மணி கட்டியிருக்கிறார்களே என்று மெய்சிலிர்த்துப் போனேன். எண்ணெய் மணமும் வந்தது, யாரோ விளக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கற்பூரத்தைக் கொளுத்தினேன். அப்போது குனிந்து பார்த்த முத்தலிப், "ஐயா, பொறுங்க! ஒங்கட புள்ளையாருக்குச் சில்லு இரிக்கு!" என்று கத்தினான். மச்சான், அது லொறி! விமானத்துக்குத் தெரியாமல் இலைபோட்டு மூடிய, சில்லு சேற்றில் புதைந்த பட்டாளத்து லொறி, வயிறு நிறையப் பெற்றோல் பீப்பா! குழைக்குள் படுத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் தலைத்தொப்பியில் இலையோடு எழும்பினான். புஷ்பவதி அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அவன் கற்பூரத்தைச் சப்பாத்தால் மிதித்து, துவக்கை என் மப்ளரில் வைத்தான். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் தேக்கந்தோட்டமும் நானும் சேர்ந்தே சாம்பல்.

சித்திரையில் குண்டு விழுந்த நாள் தொட்டு இவர்களுக்கு எந்தப் புகையைக் கண்டாலும் சந்தேகம். ஜப்பான் விமானத்துக்குப் புகை காட்டினேனாம். சிப்பாய்களுக்குச் சுருட்டு விற்ற இங்கிலீசில் துரைக்குப் பிள்ளையாரை விளங்கப்படுத்தப் போனேன். "வெரி ஸ்ட்ரோங், பெஸ்ட் குவாலிற்றி" என்பதற்கு மேல் வரவில்லை. அவன் முகம் இன்னும் சிவந்தது. இவ்வளவுக்கும் நடுவில் உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், அந்த லொறியின் மூக்கில் மூன்று குறி திருநீறு பூசி, குங்குமம் வைத்து, கொண்டைப் பூவை எடுத்துச் சாத்தி, மூன்று தரம் சுற்றிக் கும்பிட்டாள். பெற்றோல் லொறி என்று தெரிந்த பிறகு! எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. முப்பது வருடம் இந்த மூளையோடு எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று தெரியவில்லை. நீங்கள் மூத்தவர், அவளைக் கூப்பிட்டுக் கண்டித்துப் புத்தி சொல்லவேண்டும்.

இங்கே வேலை செய்யும் தோப்பூர் ஆட்களின் கங்காணி சின்னராசா இதைக் கொண்டுவருவார். கடைப் பூட்டின் திறப்பு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். எனக்கு ஏதும் நடந்தால் யாரும் தேக்கு மரத்தில் பெட்டி செய்யவேண்டாம்.

இப்படிக்கு,
பயத்துடனும் அன்புடனும்,
தங்கரத்தினம்.

பி.கு: மச்சான், வரவேண்டாம். சின்னராசா கடிதத்தோடு புறப்பட, துரை மறித்து, முதலில் மழைச் சேற்றில் புதைந்துகிடக்கும் அதே லொறியைத் தள்ளிவிட்டுப் போ என்றான். இருபது ஆட்களும் திருநீற்றைப் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "பூசை கண்டது துரை, அசைக்க ஏலாது," என்றார் சின்னராசா. மாட்டையாவது பூட்டச் சொன்னதற்கு முத்தலிப், "என்ட மாட்டுக்கும் பயமா இரிக்காம் தொர," என்றான். துரை கடைசியில், விடியவிடிய முத்தலிப்பின் வண்டியடியில் காத்திருந்த புஷ்பவதியிடம் வந்தான். "என்ர மனுசன் வந்து கும்பிட்டுக் கேட்டால் நகருவார். இல்லாட்டில் நாப்பத்தெட்டு நாள் செல்லும்," என்று அவள் சொல்ல, சின்னராசா தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் மொழிபெயர்த்தார். தள்ள மறுத்த இருபத்திரண்டு பேரும் ஒற்றராக இருக்கமாட்டார்கள் என்று துரைக்கும் புரிந்தது. என்னை அவிழ்த்துவிட்டான். கும்பிட்டேன், முதல் தள்ளிலேயே லொறி வெளியே வந்தது. இதை நேற்றே யோசித்துத்தான் பூசினாயோ என்று அவளைக் கேட்டேன். "பின்னை? லொறிக்குக் குளிருமெண்டோ பூசினனான்?" என்றாள். நான் அப்படியே சேற்றில் குந்திவிட்டேன்.

கடிதத்தைக் கிழிப்போம் என்றால், துரை தணிக்கை முத்திரை குத்திவிட்டான், அது உங்கள் கைக்குச் சேர்ந்தே ஆகவேண்டுமாம். வாசித்த கையோடு அடுப்பில் போடுங்கள். புஷ்பவதி நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாளாம். அவளுக்கு வாசிக்கத் தெரியும். அதைப் படிப்பித்ததும் நீங்கள்தான்.