வர்க்கிச்சன் வீட்டுப் பிளவும் எங்கள் துறையின் தீர்ப்பும்

உலகத்தைப் படைத்தவர் மலையையும் மனிதனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டுப் போய்விட்டார். அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்த பெருமை எங்கள் கல்லூரியின் புவியியல் துறையையே சாரும். மலை ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று பிரித்து, நடுவில் பலகைத் தடுப்பும் அடித்துவிட்டோம். இந்தப் பக்கம் இயற்கைப் புவியியல், அந்தப் பக்கம் மானுடப் புவியியல். தனித்தனி அலமாரி, தனித்தனி முத்திரை, தனித்தனி சாயாக் கெட்டில். மழை எவ்வளவு பெய்தது என்பது இந்தப் பக்கத்து விஷயம். நனைந்தது யார் என்பது அந்தப் பக்கத்து விஷயம். இதைவிடத் தெளிவான நாகரிகம் எங்கள் மலைநாட்டில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நான் மாதவப் பொதுவாள், துறையின் ஆய்வுக் குழுச் செயலாளர். என் நாற்காலி தடுப்பு முடிகிற இடத்தில் கிடக்கிறது. இரண்டு கெட்டிலிலிருந்தும் எனக்குச் சாயா வரும். ஆகவே நான் நடுநிலையாளன்.

கடைசி வருட மாணவர்கள் ஆளுக்கொரு ஆய்வு செய்தாக வேண்டும். அதற்கு எங்களுக்கு வாய்த்த தங்கச் சுரங்கம் முள்ளன்பாறைச் சரிவு. பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம். போனால் அங்கே குடியிருக்கும் வர்க்கிச்சனின் மனைவி ஏலிக்குட்டிச் சேச்சி கப்பைக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாயில் அரைத்த சம்மந்தியோடு கொடுப்பாள். இது போதாதென்று மேலே ரப்பர் தோட்டத்தில் தரையில் ஒரு பிளவும் உண்டு. வருடா வருடம் எங்கள் மாணவர்கள் அதை அளந்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பிளவும் வருடா வருடம் அகன்று கொடுத்து ஒத்துழைத்தது.

போன வருடம்தான் அது கொஞ்சம் அத்துமீறிவிட்டது. துறையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரப்பர் தோட்டத்திலிருந்து கீழே இறங்கி, வர்க்கிச்சனின் சமையலறைக்குள் நுழைந்து, அடுப்புக்கு அடியில் ஓடி, பின்வாசல் வழியாக மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டது.

அந்த வருடம் முள்ளன்பாறைக்கு இரண்டு மாணவர்கள் போனார்கள். இயற்கைப் பிரிவில் ஜோபின். அவன் ஆய்வு, "சரிவுப் பிளவின் அகலமாதல் வேகம்". மானுடப் பிரிவில் நிமிஷா. அவள் ஆய்வு, "மலைச்சரிவுக் குடும்பங்களில் சமையலறையின் இடப் பயன்பாடு". ஜோபின் எப்படிப்பட்ட தங்கமான பையன் என்று சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து அளந்துகொண்டே வந்தவன், சமையலறை வாசற்படியில் டேப்பைச் சுருட்டிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், தொழுவத்தில் மறுபடி விரித்தான்.

"ஏன்டா, உள்ள இருக்கறது பிளவு இல்லையா?" என்று நிமிஷா கேட்டிருக்கிறாள்.

"உள்ள இருக்கறது உன் பக்கம். எனக்கு எதுக்கு வம்பு?"

ஏலிக்குட்டிச் சேச்சி பிளவின் மேல் ஒரு பலாப் பலகையைப் போட்டு, அதன்மேல் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "மோளே, அந்தக் கோடியில கால வைக்காதே, பலகை ஆடும். இங்க உக்காரு."

நிமிஷா உட்காரவில்லை. நேராகப் பஞ்சாயத்து மெம்பரிடம் போனாள். மெம்பர் நல்ல மனிதர்.

"என் வாய் வார்த்தைக்கு மேல ஒரு பயலும் அசைய மாட்டான், மோளே. உங்க காலேஜ்ல இருந்து ஒரு கடுதாசி கொண்டா. 'இங்க குடியிருக்கறது ஆபத்து', ஒத்த வரி போதும். மழைக்கு முன்னாடி அவங்களுக்கு இடம் பாத்துக் குடுக்கறது என் பொறுப்பு."

ஒத்த வரி! வரி எழுதுவது அவ்வளவு லேசான காரியம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆய்வுக் குழு உடனே கூட்டப்பட்டது. இயற்கைப் பிரிவுத் தலைவர் குரியாகோஸ் சார், மானுடப் பிரிவுத் தலைவர் சுலோசனா டீச்சர், நான், எதிரில் நிமிஷா.

குரியாகோஸ் சார் தொண்டையைச் செருமினார். "பிளவு வளருது. எந்த வேகத்துல வளருதுன்னு முத்திரை போட்டுத் தரேன். ஆனா 'ஆபத்து'ன்னு என் கையால எழுத மாட்டேன். ஆபத்துன்னா யாருக்கு? பாறைக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. அது பாட்டுக்குக் கீழ போகும், போன இடத்துல கெடக்கும்."

"அந்த வீட்டுக்காரங்க பயப்படறாங்கன்னு வேணா நான் எழுதறேன்," என்றார் சுலோசனா டீச்சர். "அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கா இல்லையான்னு நான் எப்படிச் சொல்றது? மண்ணைத் தொடறது என் வேலை இல்ல."

"அவங்க பயப்படவே இல்ல டீச்சர். அதுதான் பிரச்சினையே!" என்றாள் நிமிஷா.

"பயப்படலையா? அடடா, அப்ப எழுதறதுக்கு என் பக்கம் ஒண்ணுமே இல்லையேம்மா."

அடுத்து அடுப்படிப் பிளவு. சுவருக்குள் வந்துவிட்டதால் அது 'குடியிருப்பின் தரம்' என்றார் குரியாகோஸ் சார். அடுப்புக்கு அடியில் போனதும் பாறை மனுஷ ஜாதியாகிவிடுமோ என்று கேட்டார் டீச்சர். எப்பேர்ப்பட்ட விவாதம்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அந்தத் தொழுவத்துப் பசு எந்தப் பக்கம்?" என்று நான் கேட்டேன். செயலாளர் என்றால் எதையும் விட்டுவிடக் கூடாதல்லவா. பசு வாழ்வாதாரம், ஆகவே மானுடம் என்றார் டீச்சர். பசு சரிவின் மேல் நிற்கும் கனம், ஆகவே இயற்கை என்றார் சார். இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நல்ல வேளையாக அந்த நேரத்தில் சாயாவோடு பழம்பொரி வந்தது. பசுவுக்கு ஒரு துணைக்குழு அமைத்தோம்.

"சார், மேல இருந்து மண்ணு வரப்போகுது. இங்க பசுவுக்குக் கமிட்டி போடறீங்க!" நிமிஷா கத்தியேவிட்டாள். "அந்த வீட்டுச் சின்னப் புள்ளைங்க ரெண்டும் அந்தப் பலகை மேலதான் சார் உக்காந்து எழுதுதுங்க!"

உணர்ச்சிவசப்படுவது ஆய்வாளருக்கு அழகல்ல என்று குழு பரிவோடு அறிவுறுத்தியது. முடிவில், பிளவு முழு வளர்ச்சி அடையாத நிலையில் கருத்துச் சொல்வது முறையல்ல என்றும், கர்க்கடக மாதப் பெருமழை முடிந்தபின் கூடி முடிவெடுக்கலாம் என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"மழை முடிஞ்சப்புறம் அந்தக் கடுதாசி யாருக்கு சார்?"

"ஆவணத்துக்கு," என்றேன்.

கர்க்கடகம் பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு துறை நடத்திய விசாரணையில் ஜோபின் சொன்னதைச் சொல்கிறேன்.

அன்று காலை அவன் ரெயின்கோட்டோடு தோட்டத்தில் நின்று குரியாகோஸ் சாருக்குப் போன் போட்டிருக்கிறான். "சாரே, நேத்து கைதான் நுழைஞ்சுது. இன்னிக்கு என் காலே உள்ள போகுது!"

"கால் கணக்கெல்லாம் வேண்டாம்டா. டேப் வச்சுச் சொல்லு."

அவன் டேப்பை விரித்துக்கொண்டிருக்கும்போதே நிமிஷா நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று வர்க்கிச்சனிடம் கெஞ்சினாள். வர்க்கிச்சன் பீடியைக் கீழே வைக்கவில்லை.

"கொச்சே, நான் சொல்றதக் கேளு. எத்தனை வருஷமா உங்க காலேஜ் புள்ளைங்க வந்து அளக்குதுங்க. நாங்க படிக்காதவங்க, சரி. அவங்க படிச்சவங்கதானே? ஆபத்துன்னா ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா? அளந்தாங்க, கப்பை தின்னாங்க, சிரிச்சுக்கிட்டே போனாங்க. அப்ப ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்? ராத்திரி மழை கொட்டறப்ப நான் ஏலிகிட்ட அதத்தான் சொல்லுவேன்."

நிமிஷா ஜோபினைப் பார்த்தாளாம். அவன் டேப்பைப் பார்த்துக்கொண்டானாம். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணீரென்று சொன்னாள்.

"சேட்டா, காலேஜ்தான் என்னை அனுப்பிச்சுது. ரெண்டு பக்கமும் கூடி முடிவு பண்ணிட்டாங்க. உடனே இறங்கணுமாம்."

வர்க்கிச்சன் பீடியைக் கீழே போட்டார். "ரெண்டு பக்கமுமா? குரியாகோஸ் சாரும் சுலோசனா டீச்சரும் ஒரே மாதிரி சொன்னாங்களா?"

"ஆமா சேட்டா."

"அம்மாடி! அவங்களே ஒத்துப் போயிட்டாங்கன்னா விஷயம் பெரிசுதான். எடி ஏலி, புள்ளைங்களக் கூப்பிடு. நான் பசுவ அவுக்கறேன்!"

ஏலிக்குட்டிச் சேச்சி அடுப்பில் வெந்துகொண்டிருந்த கப்பையை அப்படியே பானையோடு தூக்கிக்கொண்டாள். ஜோபின் சின்னவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். இது அவன் ஆய்வுத் தலைப்பில் இல்லாத காரியம். இருந்தாலும் வயதை உத்தேசித்துக் குழு பின்னர் மன்னித்தது. அவர்கள் சர்ச் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு சத்தம் கேட்டது. பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ரப்பர் தோட்டமும் அடுப்பும் தொழுவமும் பிரிவினை பாராட்டாமல் ஒன்றாக ஆற்றில் இறங்கின. செய்தி கேட்டு நான் பதறிவிட்டேன். டேப் துறைக்குச் சொந்தமானது.

மறுவாரம் வர்க்கிச்சன் ஒரு நேந்திர வாழைக்குலையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுப்புக்கு நேராக வைத்தார்.

"சாரே, டீச்சரே, நீங்க ரெண்டு பேரும் சொல்லி அனுப்பலன்னா என் புள்ளைங்க இன்னிக்கு இல்ல," என்று சொல்லும்போதே அந்த மனிதருக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க கடமையைத்தானே செஞ்சோம்," என்றார் குரியாகோஸ் சார்.

"மனுஷங்களுக்காகத்தானே துறையே இருக்கு," என்றார் சுலோசனா டீச்சர். புகைப்படம் எடுக்கப்பட்டது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அது வந்திருக்கிறது. இருவருக்கும் நடுவில் சிரிப்பவன் நான்தான்.

வர்க்கிச்சன் படியிறங்கியதும் நிமிஷாவின் வாய்மொழித் தேர்வு தொடங்கியது.

"தலைப்பு சமையலறை. எங்கம்மா சமையலறை?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆத்துல, டீச்சர்."

"ஆய்வுக்கு உட்பட்டவங்க?"

"சர்ச் ஹால்ல கப்பை அவிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அதான் சொல்றேன். ஆய்வுக்கு உட்பட்டவங்கள ஆய்வுக் களத்த விட்டு அப்புறப்படுத்தினா அது என்ன ஆய்வு? நீ பாட்டுக்குக் கேள்வி கேட்டுட்டு வந்திருந்தா மலையும் மனுஷங்களும் சேர்ந்த முழுத் தரவு நமக்குக் கெடச்சிருக்கும்."

"கெடச்சிருக்கும் டீச்சர். மண்ணத் தோண்டி எடுத்துக்க வேண்டியதுதான்."

குரியாகோஸ் சார் மேசையைத் தட்டினார். "திமிர்ப் பேச்சு வேண்டாம். துறை சொல்லாததச் சொன்னதா பொய் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் சார். நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையா ஒரு முடிவெடுத்தீங்கன்னு சொன்னேன். அது சுத்தப் பொய்தான்."

குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஜோபின் முதல் வகுப்பில் தேறினான். நிமிஷா தேறவில்லை. அந்தத் தீர்மானத்தில் சாரும் டீச்சரும் ஒரே பேனாவால் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டார்கள். துறையின் வரலாற்றில் இது முதல் முறை. தீர்மானத்தை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நிறுத்தி, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்:

"மாணவியின் இந்தப் பிழையால் வர்க்கி, ஏலிக்குட்டி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், ஒரு பசு ஆகியோர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். இத்தகைய பிழை இனியொரு முறை நேராமல் துறை பார்த்துக்கொள்ளும்."