மயக்க மருந்தும் என் வலது காலும்

உட்கார்ந்தால் என் வலது கால் தானாக ஆடும். "பொம்பளப் புள்ள காலாட்டாதடி" என்று அம்மா திட்டித் தீர்த்தும் கால் கேட்கவில்லை. மயக்க மருத்துவரானால் நாள் முழுக்க நிற்கத்தானே வேண்டும், பழக்கம் போய்விடும் என்று நினைத்தேன். (அங்கேதான் அருமையான ஸ்டூல் போட்டுத் தருகிறார்கள்.)

தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். நான் தனியாகப் பொறுப்பேற்ற புதிது. ஆபரேஷன் மேசைக்கு வந்தவர் கன்னியம்மா, மாடம்பாக்கம் தெருக்களில் மீன் விற்பவர். மூக்குக்குள் சதை வளர்ந்து வாசனையே தெரியாமல் போயிருந்தது.

"மீனு கெட்டுக்கீதா இன்னான்னே தெர்ல டாக்டரம்மா. கொயந்தைங்க துன்றது. எதனா ஆச்சுன்னா?"

"நான் பாத்துக்கறேன்மா" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

மூக்குக்குள் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு ரத்தம்தான் எதிரி. கொஞ்சம் கசிந்தாலும் திரை முழுக்கச் சிவப்பு. பக்கத்திலேயே கண், மேலே மூளை. அதனால் நோயாளியின் தலையை உயர்த்தி வைத்து, மருந்தால் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்திப் பிடிப்பது என் வேலை. ரொம்பத் தாழ்ந்தால் மூளைக்கு ரத்தம் போதாது.

தொடக்கத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. பிறகு சர்ஜன் முனகினார். "ரத்தம் வருதும்மா. பிரஷரைக் கொறை." குறைத்தேன். ரத்தம் கூடியது. "இன்னும் கொறை." இன்னும் குறைத்தேன். அப்போதும் கசிந்தது.

"இதுக்குக் கீழ போக மாட்டேன் சார்" என்றேன்.

"அப்ப பாதியில நிறுத்திடலாம். கண்ணு தெரியாம கண்ணுகிட்ட தொழாவ முடியாது."

கன்னியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அப்போது சர்ஜன் திரையிலிருந்து தலையைத் திருப்பிக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, நான் வளர்றேனா, இல்ல இந்தம்மா எறங்கறாங்களா?"

நானும் குனிந்தேன். ஸ்டூலுக்கடியில் மேசையைச் சாய்க்கும் கால் சுவிட்ச். அதன்மேல் என் வலது கால், பதற்றத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கன்னியம்மாவின் தலை துளித்துளியாய்த் தாழ்ந்து, ரத்தமெல்லாம் மூக்குப் பக்கம் திரண்டிருக்கிறது. ரத்தம் கூடக்கூட எனக்குப் பயம், பயம் கூடக்கூடக் காலாட்டம். நான் மானிட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதிலோ என் காலைக் காட்ட வழியில்லை.

தலையை உயர்த்தினோம், மருந்தைக் குறைத்தேன், காத்திருந்தோம். கசிவு அடங்கியது. மிச்ச ஆபரேஷன் முழுக்க நான் நின்றுகொண்டே இருந்தேன்.

சில வாரம் கழித்து கன்னியம்மா வந்தார். "கூடைல ஒரு சங்கரா நாறிச்சு டாக்டரம்மா! தூக்கிக் கடாசிட்டேன்." ஒரு கெட்ட மீனைப் பற்றிக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். இப்போது சாப்பாட்டு மேசையில் என் கால் லேசாக ஆடினால் போதும். கணவர் தட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறார். மகள், "அம்மா, சாம்பார் எறங்குது!" என்று கத்துகிறாள்.

கால் உடனே நின்றுவிடுகிறது. என் பிரஷர்தான் ஏறுகிறது.