கொழுக்கியில் தொங்கிய ஆள்

"இது ஆரின்ர கோட்?"

சென்ட் லோரன்டில் வேலை முடிந்து வந்த கணேசலிங்கம் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வாசல் கொழுக்கியில், அவருடைய குளிர்கோட்டோடு ஒட்டி உரசிக்கொண்டு கறுப்பு நிற ஆம்பிளைக் கோட்டு ஒன்று தொங்கியது.

"அது கோட் இல்லை, குறியீடு," என்றாள் மனைவி துஷாந்தினி, வெங்காயம் வெட்டியபடி.

அவள் நாடகம் பழகுகிறாள். அமெரிக்கக்காரர் ஒருவரின் பழைய மேடை நாடகத்தைத் தமிழில் போடுகிறார்கள். அதில் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரு கோட்டு சுவரில் தொங்குமாம். ஒருவரும் போட மாட்டார்களாம். 'வாறன்' என்று போய்த் திரும்பி வராத ஒருவனை அது குறிக்குமாம். வீட்டிலும் கொழுவி வைத்து அதோடு கதைத்துப் பழகச் சொன்னவன் நெறியாளன் கீர்த்திகன். ஈர்க்கில் உடம்புக்காரன், பின்னால் ஒரு குடுமி வேறு.

"சரி, குறியீடு. சொந்தக்காரன் ஆர்?"

"ஒரு ஆள். முந்தி என்னோட மணித்தியாலக் கணக்காக் கதைக்கிறவர். நல்லாச் சிரிக்கப் பண்ணுவார்."

"இப்ப?"

"இப்ப காணக் கிடைக்கிறேல்லை. நாடகத்துக்கு வாங்கோவன், ஆரெண்டு சொல்லுறன்."

"எனக்கு வேற வேலை இல்லையோ?" என்று கணேசலிங்கம் போனை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். போனில் பார்த்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. குசினியில் நின்று அவள் கோட்டிடம் வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்திட்டீங்களோ? தேத்தண்ணி போடட்டோ?" தனக்கு இப்படிக் குழைந்து கேட்டு எத்தனை காலம்!

சனிக்கிழமை அவள் ஜான்-டலோன் சந்தைக்குப் போன கையோடு கொழுக்கியிலிருந்து கோட்டை எடுத்தார். அளவு பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரு கை போனது. மற்றது முழங்கையோடு நின்றது. மூச்சைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ள, முதுகுப்பக்கம் சர்ரென்று கிழிந்தது.

"ஐயோ!"

மெல்லிய ஆள். கீர்த்திகனேதான்!

கிழிந்த கோட்டை அவள் கண்டால் வீடு இரண்டுபடும். நாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புச் சேர்க்கிறார்கள். அங்கே ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டுவிட்டு வந்தார். எங்கட சனம் வழமையாகச் செய்கிற காரியம்தானே. ஒருகாலத்தில் அவரும் புதிதாக வந்த ஒரு பொடியனுக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்தான். இதில் என்ன பாவம்?

சந்தையால் வந்த துஷாந்தினி வெறும் கொழுக்கியைப் பார்த்தாள். பைகளைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள். போன மாரியில் அவர் பனியில் சறுக்கி விழுந்தபோது விழுந்து விழுந்து சிரித்தவள், ஒரு கோட்டுக்கு அழுகிறாள்!

"வேற கோட் வாங்கலாம் தானே?"

"வேற கோட்டோட எனக்குக் கதை வராது. அது எனக்கு வேணும்!"

கணேசலிங்கத்துக்கு இப்போது கோபம் போய்ப் பயம் வந்தது. இவள் உண்மையாகவே போய்விடுவாளோ?

"அழாதையும். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். எடுத்துக்கொண்டு வாறன்," என்று ஓடினார்.

தேவாலயத்தில் உடுப்புகளுக்குப் பொறுப்பான அருமைநாதன் அவருக்குப் பழைய பழக்கம். அதே கோட்டை மடியில் வைத்துக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அதைத் தாரும். அதோட, மறைக்காமல் சொல்லும். இது அந்தக் கீர்த்திகன்ர தானே?"

அருமைநாதன் ஊசியை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னண்ணை விளையாடுறியளோ? நான் வந்த முதல் பனிக்கு, நீங்கள் மெலிஞ்சு இருந்த காலத்தில, கழட்டித் தந்த கோட்டெல்லே! கொலரை மட்டும்தான் மாத்தினனான். 'என்னை ஏர்போட்டில கூப்பிட வரேக்க அவர் போட்டிருந்தது, கொஞ்ச நாளைக்குத் தாரும்' எண்டு துஷாந்தினி அக்காதான் கேட்டு வாங்கிக்கொண்டு போனவ."