மாமியார் மேல் விழுந்த வெளிச்சம்

இனிமேல் இந்தக் குடும்பத்தில் யார் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், யார் முகத்தில் விழக் கூடாது என்பதை நான் ஒருவனே தீர்மானிப்பேன் என்று போன மாசி மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. அதற்கு என்ன கதி வந்தது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சிவரஞ்சனியிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

சிவரஞ்சனி என் மனைவி. நான் வீரமணி. அரியலூரில் வீடு. ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கலை வேண்டாமா? எனக்குக் கேமரா. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் போட்டோ நான்தான். வேறு ஆளைக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வேன் என்று எல்லோருக்கும் பயம்.

வம்பு வந்தது எங்கள் புதுவீட்டு ஆல்பத்தில். ஜெயங்கொண்டத்திலிருந்து என் அக்கா தமிழ்மொழி பதினேழு தட்டு சீரோடு வந்து இறங்கினாள். ஆல்பத்தில் வந்தது அவளுடைய முழங்கை. முன்னாலிருந்து புரட்டினாலும் பின்னாலிருந்து புரட்டினாலும் அந்த ஒரு முழங்கைதான். அக்கா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அதே ஆல்பத்தில் என் மாமியார் செல்வம்மாள் இருபத்தாறு படத்தில் இருந்தார். இருபத்தாறிலும் கண் மூடியிருந்தது. கேமரா தலையில் இருக்கிற ஃப்ளாஷ் நேராக முகத்தில் அடித்தால் சிலருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அதற்கு நான் என்ன செய்வது? ஆனால் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, என் ஆலை நண்பர்கள் நாலு பேர் இருக்கும்போது மாமியார் ஒன்று சொன்னார்.

"ஏன் மாப்ள, இவ்ளோ பெரிய பொட்டிய எதுக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிறீங்க? செல்போன்லயே நல்லாத்தான வருது."

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சில் கறுவிக்கொண்டேன்.

எங்கள் மகள் சக்திக்குப் பங்குனியில் காதுகுத்து வைத்தோம். அக்காவுக்குப் போன் போட்டேன். ஒன்பதாவது தடவை எடுத்தாள்.

"அக்கா, இந்தத் தடவை பக்கத்துக்குப் பக்கம் நீதாங்க்கா."

"முழங்கையா, முட்டியா?"

"முகங்க்கா. சத்தியமா."

"இதுலயும் என் மூஞ்சி வரலன்னா உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். பாத்துக்க."

வைத்துவிட்டாள். பின்னாலேயே சிவரஞ்சனி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, எங்கம்மாவுக்குக் கண்ணு தொறந்து ஒரு போட்டோ வேணுங்க. ஒண்ணே ஒண்ணு. இத்தன வயசாச்சு, அதுக்குன்னு ஒரு நல்ல படம் இல்ல."

"எடுத்துட்டா போச்சு" என்றேன். மனசுக்குள் இருந்தது வேறு.

அடுத்த வாரம் பார்சல் வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் இரண்டு டப்பா.

"என்னங்க இது?"

"டிரிகர். மலிவு சரக்குதான், ஆனா வேலை செய்யும். ஒண்ணக் கேமரா மேல மாட்டணும். இன்னொண்ண ஃப்ளாஷுக்கு அடியில மாட்டணும். ஃப்ளாஷ எங்க வேணாலும் வைக்கலாம். இங்க அமுக்குனா அங்க மின்னும்."

"வயரு?"

"கிடையாது."

ஃப்ளாஷை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று கேமராவை அமுக்கினேன். கூடத்தில் பளீரென்று மின்னியது. சக்தி கைதட்டினாள். எனக்குக் காலர் ஒரு அங்குலம் உயர்ந்தது.

"பக்கவாட்டுலேர்ந்து வெளிச்சம் வந்தா மூஞ்சி செதுக்கி வச்ச மாதிரி இருக்கும். கண்ணும் கூசாது."

"ரெண்டு டப்பாலயும் சுவிட்ச் இருக்கே, எதுக்குங்க?"

"ரெண்டும் ஆன்ல இருக்கணும். எத அணைச்சாலும் மின்னாது."

"ஓகோ" என்றாள்.

பாருங்கள், என் வாயாலேயே பாடம் நடத்தினேன்.

என் திட்டம் இதுதான். கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்து, நன்றாக இருட்டாக வைத்துக்கொள்வது. ஃப்ளாஷ் மின்னினால் முகம் ஜொலிக்கும். மின்னாவிட்டால் படம் அடுப்புக்கரி. அக்காவை எடுக்கும்போது கேமரா மேல் இருக்கிற டப்பாவின் சுவிட்ச் ஆன். மாமியார் வந்தால் கட்டைவிரலால் ஒரு தட்டு, ஆஃப். கேட்டால், "டிரிகர் மலிவு சரக்கு அத்தை, சில நேரம் அடிக்காது." செல்போனாம் செல்போன்!

எங்கள் குலதெய்வம் ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் இருக்கிறது. பட்டப்பகலிலும் மரத்தடியில் மசமசவென்று இருட்டாக இருக்கும். என் திட்டத்துக்கென்றே வளர்த்த மாதிரி இருந்தது. ஸ்டாண்டு வாங்கவில்லை. முந்திரிக் கிளைதான் ஆள் உயரத்தில் இருக்கிறதே, ஃப்ளாஷை அதில் கட்டிவிடலாம் என்று கிளையைப் பிடித்தேன்.

முந்திரி மரத்தில் முசுறு எறும்பு இருக்கும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். எடை போடுகிறவனுக்குத் தெரியவில்லை. சட்டைக்குள் ஒரு படையே இறங்கியது. பூசாரி நல்லுசாமி எனக்கு அருள் வந்துவிட்டதென்று விபூதித் தட்டோடு ஓடிவந்தார்.

"சாமி இல்லங்க, முசுறுங்க!"

சட்டையை உதறிவிட்டு நிமிர்ந்தால், சிவரஞ்சனி ஃப்ளாஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நான் புடிக்கிறேன். நீங்க எடுங்க."

"உனக்கு ஏன் சிரமம்?"

"உங்களுக்காக இதுகூட செய்ய மாட்டனா?"

உருகிப்போனேன்.

தாய்மாமன் மடியில் சக்தியை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அவள் அழுதாள், மின்னியது, பிரமாதம். அடுத்து அக்கா. பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, உதட்டில் எட்டு மாதச் சிரிப்பு. கேமராவைத் தூக்கினேன்.

"அண்ணி, ஒரு நிமிஷம்" என்றாள் சிவரஞ்சனி. "மால கோணலா இருக்கு. அம்மா, இங்க வா. அண்ணி மாலயச் சரி பண்ணு. ம், அப்படியே பக்கத்துல நில்லும்மா. எடுங்க."

மாமியாரைத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல முடியுமா? நின்றுவிட்டுப் போகட்டும், வெளிச்சம் அக்கா மேல்தானே என்று அமுக்கினேன். மின்னியது. அக்காவை மரத்தடியில் எடுத்தேன். "அம்மா, அண்ணிக்குப் பூ வச்சு வுடு." மின்னியது. பொங்கல் பானையோடு எடுத்தேன். "அம்மா, பானைய ஒரு பக்கம் புடி." மின்னியது. அக்கா இருக்கும் இடமெல்லாம் மாமியார். மாமியாருக்குப் பக்கத்திலேயே, ஓர் அடி தள்ளி, கையில் ஃப்ளாஷோடு என் மனைவி.

இடையில் மாமியார் தனியாக வந்து நின்றார். கட்டைவிரல். ஆஃப்.

"ஏன் மாப்ள, மின்னலயே?"

"இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அத்தை. புது முறை."

"அப்படியா? கூசாம நல்லாத்தான் இருக்கு."

அப்பாவியாகக் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. இருந்தாலும் ஏழு படம் அப்படியே எடுத்தேன். சிவரஞ்சனி கையிலிருந்த ஃப்ளாஷைப் பார்த்தாள். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தாள். 

நீங்கள் கேட்பீர்கள், எடுத்த படத்தைக் கேமராத் திரையில் அப்போதே பார்த்திருக்கலாமே என்று. கைதேர்ந்தவன் திரையைப் பார்க்கவே மாட்டான் என்று யூடியூபில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருந்தார். நான் கைதேர்ந்தவன். பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். சக்தி அழுத படங்களைத் தாண்டியதும், என் மாமியார்.

அப்படி ஒரு படத்தை நான் ஆயுளில் எடுத்ததில்லை. கண் திறந்திருந்தது. மூக்குத்தி சுடர்விட்டது. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது. ஏதோ கேட்டுச் சிரிக்கப்போகிற மாதிரி உதடு. இவ்வளவு நல்ல மனுஷியை இருட்டடிக்கப் பார்த்தோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம் அரை நிமிடம் இருந்தது. பிறகுதான் பக்கத்தில் இருந்த நிழலைப் பார்த்தேன்.

அக்கா! கரிக்கட்டை மாதிரி ஓர் உருவம். அதில் வெளிச்சம் பட்டிருந்த ஒரே இடம், முழங்கை.

அடுத்த படம். மாமியார், முழங்கை. அதற்கடுத்தது. மாமியார், பொங்கல் பானை, முழங்கை.

"ரஞ்சனீ!"

"என்னங்க?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"லைட்ட யாரு பக்கம் திருப்பி வச்சிருந்த?"

"நீங்கதான சொன்னீங்க, பக்கத்துல இருந்தா மூஞ்சி செதுக்குன மாதிரி வரும்னு. அம்மா பக்கத்துல நின்னேன். வந்திருக்கே!"

"அக்கா?"

"அவங்க கொஞ்சம் தள்ளி நின்னுட்டாங்க." என் தோள் மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். "இது என்னங்க, ஏழு படம் வெறும் கருப்பா இருக்கு?"

"அது... டிரிகர் மலிவு சரக்கு. சில நேரம் அடிக்காது."

"ஆமாங்க. அண்ணி கூட நின்னா அடிக்குது. எங்கம்மா தனியா நின்னா மட்டும் அடிக்க மாட்டேங்குது. வெவரமான டிரிகரு."

லேப்டாப்பை மூடினேன். அப்போது பார்த்துப் போன் அடித்தது. அக்கா. 

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ரஞ்சனி எல்லாம் சொல்லிடுச்சு. 'அவுங்களுக்கு மாமியார்னா உசுரு அண்ணி, கேமரா தானா அங்கதான் போவும், நீங்க மனசுல வச்சுக்காதீங்க'ன்னு நேத்தே சொல்லிடுச்சு. பாவம், ஒரு கையில உன் லைட்டையும் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில செல்போன்ல என்னை நாப்பது போட்டோ எடுத்து அனுப்பிருக்கு. எல்லாத்துலயும் என் மூஞ்சி! செல்போன்லயே எவ்ளோ நல்லா வருது பாருடா."

"அக்கா, அது வந்து..."

"வாசப்படி மிதிப்பேன். ரஞ்சனிக்காக. உன் மூஞ்சிக்கில்ல. அப்புறம், வைகாசியில எம்மவளுக்கு நிச்சயம். கேமரா ரஞ்சனிகிட்ட இருக்கட்டும். நீ லைட்டப் புடி, போதும்."

சிவரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சக்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பவ்வியம்.

வைகாசி வந்தது. ஜெயங்கொண்டத்தில் ஒரு மண்டபம். என் கேமரா சிவரஞ்சனி கழுத்தில். ஃப்ளாஷும் அதன் அடியில் டப்பாவும் என் கையில். கைலி கட்டாத குறையாக, லைட்பாய் மாதிரி ஓர் ஓரத்தில் நிறுத்தப்பட்டேன். என் ஆலை நண்பர்கள் நாலு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் புதுப்புடவை சரசரக்க வந்து எனக்கு எதிரில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, உங்களுக்கு இந்த வேலதான் பொருத்தமா இருக்கு."

நண்பர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்தது. அப்போதுதான் பளிச்சென்று நினைவு வந்தது. டப்பா இரண்டு. சுவிட்ச் இரண்டு. எதை அணைத்தாலும் மின்னாது. அதில் ஒன்று இப்போது என் கையில்!

"அம்மா, இங்க பாரு" என்று சிவரஞ்சனி கேமராவைத் தூக்கினாள். நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மெல்ல நகர்த்தி, சுவிட்சைத் தள்ளினேன்.

அசையவில்லை. சிவரஞ்சனி அதை ஆன் செய்து, பசை போட்டு ஒட்டித்தான் என் கையில் கொடுத்திருந்தாள்.